மானமா, வருமானமா?

ஒரு ஹெட்ஃபோன் வாங்குறீங்க. இரண்டே மாதத்தில் இடது பக்கம் செத்துப்போகிறது. கடுப்பில் ஒரு ஸ்டார் போட்டு, "சுத்த ஏமாத்து வேலை, டூப்ளிகேட் பார்ட்ஸ் போட்டு விக்கிறாங்க" என்று ரிவ்யூ எழுதுறீங்க. மறுநாள் கிளாஸில் ஒருத்தன் பயமுறுத்துவான்: "டேய், கம்பெனிக்காரன் கேஸ் போட்டுருவான், டெலீட் பண்ணிடு." பக்கத்தில் இருப்பவன் தைரியம் சொல்வான்: "அதெல்லாம் ஒண்ணும் பண்ண முடியாதுடா, கருத்துச் சுதந்திரம் இருக்கு."

இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததால் நம்மில் சிலர் கண்டதை எழுதி மாட்டிக்கொள்கிறோம். பலர் நியாயமானதைக்கூட எழுதாமல் வாயை மூடிக்கொள்கிறோம். மெஸ் சாப்பாடு, பேயிங் கெஸ்ட் ரூம், கோச்சிங் சென்டர், இன்டர்ன்ஷிப் என்று காசு வாங்கிக்கொண்டு சேட்டை செய்த கம்பெனி என எதைப் பற்றியும் நாம் தினமும் எழுதுகிறோம். நாளைக்கு நம்மில் யாராவது ஸ்டார்ட்அப் ஆரம்பித்தால், இதே ரிவ்யூக்கள் நம்மைப் பற்றி வரும். அதனால் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் நமக்கு வேலை இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனுஷனுக்கு மானம் இருக்கிறது. கம்பெனிக்கு இருப்பது வருமானம். ஒரு கம்பெனி தன் பொருளைப் பற்றிய விமர்சனத்துக்காக ஒருவரைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டுமென்றால், அவர் சொன்னது பொய் என்பதையும், அதனால் தன் வருமானம் போனது என்பதையும் கம்பெனியே நிரூபிக்க வேண்டும். "எங்க பெயர் கெட்டுப்போச்சு" என்று சொல்வது மட்டும் போதாது.

இரண்டு கதவுகள்

பொய்யால் பாதிக்கப்பட்ட வியாபாரி கோர்ட்டுக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று நமக்கெல்லாம் தெரிந்த அவதூறு வழக்கு. இன்னொன்று அதிகம் பேர் கேள்விப்படாதது: கெட்ட எண்ணத்தோடு சொன்ன பொய்யால் வியாபாரம் நஷ்டப்பட்டதற்கான வழக்கு. நம் நாட்டுக் கோர்ட்டுகள் இந்த இரண்டையும் இங்கிலாந்துச் சட்டத்தில் இருந்துதான் எடுத்துக்கொண்டன.

இரண்டாவது வழிக்கு உதாரணமாகச் சட்டக் கல்லூரிகளில் சொல்லும் வழக்கு நம்ம ஆள் ஒருவருடையதுதான். 1892-ல் முடிந்த ராட்கிளிஃப் எதிர் ஈவான்ஸ் வழக்கு. ராட்கிளிஃப் ஒரு இன்ஜினியர், பாய்லர் செய்பவர். அவர் தொழிலை நிறுத்திவிட்டார், அந்தக் கம்பெனியே இப்போது இல்லை என்று ஒரு பத்திரிகை செய்தி போட்டது. அது பொய். ஆனால் கவனியுங்கள், "தொழிலை நிறுத்திவிட்டார்" என்பதில் எந்தத் திட்டும் இல்லை. யாருடைய மானமும் போகவில்லை. போனது ஆர்டர். கோர்ட் அவருக்கு 120 பவுண்டு கிடைக்க வைத்தது. எந்த வாடிக்கையாளர் வராமல் போனார் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல முடியாவிட்டாலும், மொத்த வியாபாரம் விழுந்ததைக் காட்டினால் போதும் என்றது.

இப்போது இரண்டு கதவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அவதூறு வழக்கில், வழக்குப் போட்டவர் "இது என் பெயரைக் கெடுக்கிறது" என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது. அது உண்மைதான் என்று நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில் விழுகிறது. இரண்டாவது வழக்கில் நிலைமை தலைகீழ். சொன்னது பொய், கெட்ட எண்ணத்தோடு சொன்னது, அதனால் நஷ்டம் வந்தது என்ற மூன்றையும் வழக்குப் போட்டவரே நிரூபிக்க வேண்டும்.

எந்தக் கதவு சுலபம் என்று கம்பெனி வக்கீலுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்பீக்கரும் ஒரு சொல்லும்

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் போஸ், அப்பா வழியில் வங்காளி. அவர் ஆரம்பித்த கம்பெனியின் புகழ்பெற்ற ஸ்பீக்கர் போஸ் 901. 1970-ல் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற பத்திரிகை அதைச் சோதித்துப் பார்த்து எழுதியது. வாத்தியங்களின் ஓசை ஒரே இடத்தில் நிற்காமல் அறை முழுக்க அலைவதாக ஒரு வரி அதில் இருந்தது.

போஸ் கம்பெனி வழக்குப் போட்டது. சோதித்தவர்கள் உண்மையில் கேட்டது, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் சுவர் ஓரமாக ஓசை நகர்வதைத்தான். 'அறை முழுக்க' என்பது தவறு. கீழ்க் கோர்ட் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. மேல் கோர்ட் அதை மாற்றியது. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பத்திரிகை பக்கம் நின்றது. காதால் கேட்டதை வார்த்தையில் கொண்டுவரும்போது ஒரு சொல் பிசகியிருக்கலாம். தெரிந்தே பொய் சொன்னதாக அது ஆகாது என்றது.

ஒரே ஒரு சொல்லுக்காக 14 வருடம்! இதில் இரண்டு பாடம் இருக்கிறது. நேர்மையாகச் சோதித்து எழுதியவர் சொல்லில் பிசகினால் சட்டம் அவரைக் காப்பாற்ற வேண்டும். அதே நேரம், எழுதுகிறவருக்கு 'சுவர் ஓரமாக' என்பதும் 'அறை முழுக்க' என்பதும் ஒன்றாகத் தெரியக் கூடாது.

உஜாலாவிலிருந்து புரோட்டீன் பவுடர் வரை

நம்ம ஊர் கதைக்கு வருவோம். வெள்ளைச் சட்டைக்குச் சொட்டு நீலம் போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உஜாலா தெரியும். 1990-களின் கடைசியில் உஜாலா விளம்பரம் ஒன்றின் மேல் ராபின் புளூ நீலத்தை விற்கும் கம்பெனி கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விளம்பரத்தில் போட்டிக் கம்பெனியின் பெயர் வரவில்லை. ஆனால் காட்டிய பாட்டிலும் 10 ரூபாய் விலையும் யாரைச் சொல்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்தன. கோர்ட் சொன்ன விதி இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது: உன் பொருள் உலகத்திலேயே சிறந்தது என்று நீ சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அடுத்தவன் பொருள் மோசம் என்று சொல்லக் கூடாது.

தற்பெருமைக்கு அனுமதி உண்டு, அடுத்தவனைத் தாழ்த்த அனுமதி இல்லை. வியாபாரிக்கும் வியாபாரிக்கும் நடக்கும் சண்டையில் இது ஓரளவு நியாயம்தான். இதையே வாங்கிப் பயன்படுத்தும் ஒருவர் மேல் பாய்ச்சினால்தான் சிக்கல்.

2018-ல் ஒரு யூடியூபர் பாரசூட் தேங்காய் எண்ணெயையும் வேறொரு எண்ணெயையும் ஃப்ரீசரில் உறைய வைத்து, உறைந்த விதத்தை வைத்துப் பாரசூட்டின் தரத்தைக் குறை சொன்னார். மாரிக்கோ கம்பெனி பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. 2020 ஜனவரியில் தனி நீதிபதி வீடியோவை நீக்கச் சொன்னார். சில மாற்றங்களோடு மறுபடி போடலாம் என்று அடுத்த மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்தது. சட்டத்தைத் தள்ளிவைத்து லேப் கண்ணோடு பாருங்கள். கொப்பரையில் இருந்து எடுத்த எண்ணெயையும் வேறு முறையில் எடுத்த எண்ணெயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உறைந்த நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்ல முடியுமா? முதல் வருட கெமிஸ்ட்ரி லேபிலேயே மேடம் ரெக்கார்டைத் தூக்கி எறிந்திருப்பார்.

இதற்கு எதிர்ப்பக்கம் 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு புரோட்டீன் பவுடரில் லேபிளில் போட்டிருக்கும் அளவுக்குப் புரோட்டீன் இல்லை என்று சில இன்ஃப்ளூயன்சர்கள் வீடியோ போட்டார்கள். சான் நியூட்ரிஷன் என்ற கம்பெனி தடை கேட்டது. ஆனால் இவர்கள் கையில் ஆய்வக அறிக்கை இருந்தது. வீடியோவில் சில வார்த்தைகள் காரசாரமாக இருந்தாலும், அடிப்படை உண்மைக்கு ஆதாரம் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லி, கோர்ட் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது.

இரண்டு வீடியோவிலும் கம்பெனியைக் குறை சொன்னார்கள். வித்தியாசம் தைரியத்தில் இல்லை, அளந்து பார்த்த முறையில் இருக்கிறது.

வக்கீல் நோட்டீஸ் செய்யும் வேலை

இதைப் படித்துவிட்டு, "அப்போ ஆதாரம் இருந்தா ஜெயிச்சிடலாம்ல" என்று நினைப்பீர்கள். அங்கேதான் பிரச்சினை. பெரும்பாலான சண்டை கோர்ட் வரைக்கும் போவதே இல்லை. ஒரு வக்கீல் நோட்டீஸிலேயே முடிந்துவிடுகிறது.

2023 ஏப்ரலில் போர்ன்விட்டாவில் சர்க்கரை அதிகம் என்று ஒருவர் வீடியோ போட்டார். அது அறிவியல் ஆதாரம் இல்லாதது என்றது கம்பெனி. நோட்டீஸ் வந்ததும் அவர் வீடியோவை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டார். அதற்குள் விஷயம் நாடு முழுக்கப் பரவிவிட்டது, குழந்தைகள் உரிமை ஆணையமும் கேள்வி கேட்டது. அதே வருடம் டிசம்பரில் போர்ன்விட்டாவில் சேர்க்கும் சர்க்கரையை 14.4 சதவீதம் குறைத்திருந்தார்கள். அந்த வீடியோவில் சொன்னது எல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. சரியா தப்பா என்று யாரும் விசாரிப்பதற்கு முன்பே அது காணாமல் போனது என்பதுதான் என் கவலை.

லண்டனில் 'மெக்டொனால்ட்ஸில் என்ன தப்பு' என்று கேட்டு ஒரு சிறு குழு துண்டுப் பிரசுரம் கொடுத்தது. 1990-ல் கம்பெனி ஐந்து பேர் மேல் வழக்குப் போட்டது. மூன்று பேர் மன்னிப்புக் கேட்டு விலகினார்கள். வருமானம் குறைந்த மற்ற இரண்டு பேர் விடாமல் நின்றார்கள். வக்கீல் வைக்கக் காசில்லை, அரசு உதவியும் இல்லை. தாங்களே வாதாடினார்கள். 1997-ல் தீர்ப்பு வந்தபோது, அது இங்கிலாந்து வரலாற்றிலேயே மிக நீண்ட விசாரணையாக ஆகியிருந்தது. பிரசுரத்தில் இருந்த சில குற்றச்சாட்டுகள் உண்மை, சில பொய் என்றார் நீதிபதி. நஷ்டஈடு 60,000 பவுண்டு. அப்பீலில் 40,000 ஆனது. 2005-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்த இரண்டு பேருக்கும் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று பிரிட்டன் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கேஸில் ஜெயித்த மெக்டொனால்ட்ஸ் உலகம் முழுக்கப் பெயரைக் கெடுத்துக்கொண்டது தனிக்கதை.

நம் நாட்டில் இதற்கு மேல் ஒரு பயமும் இருக்கிறது. இங்கே அவதூறு சிவில் வழக்கு மட்டும் இல்லை, கிரிமினல் குற்றமும்கூட. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை, அபராதம், அல்லது சமூக சேவை. கம்பெனியைப் பற்றிச் சொன்னாலும் இது பொருந்தும் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை, நல்லெண்ணத்தோடு பிறரை எச்சரித்தது என்று விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆனால் "நான் விதிவிலக்கில் வருகிறேன்" என்று காட்ட வேண்டியது நாம்தான், அதுவும் கோர்ட் படி ஏறிய பிறகு. செமஸ்டர் எக்ஸாமுக்கும் வாய்தாவுக்கும் நடுவில் ஓடும் ஒரு மாணவரை நினைத்துப் பாருங்கள்.

2016-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் கிரிமினல் பிரிவு செல்லும் என்றது. ஒருவருடைய நற்பெயர் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்பது அதில் ஒரு முக்கியக் காரணம். மனுஷனுக்கு இதை ஒத்துக்கொள்கிறேன். கண்ணியமாக வாழ்வது மனுஷனுக்குத் தேவை. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு என்ன கண்ணியம்? அதற்குத் தூக்கம் கெடாது, ஊரில் தலைகாட்ட வெட்கப்படாது. லாப நஷ்டக் கணக்கில்தான் அடி விழும். அதைக் கணக்கிலேயே காட்டட்டும்.

இந்தச் சட்டத்தை நம் மேல் வைத்துவிட்டுப் போன இங்கிலாந்து, 2009-ல் தன் ஊரில் கிரிமினல் அவதூறை ஒழித்துவிட்டது. இலங்கை 2002-லேயே ஒழித்தது. 2013-ல் இங்கிலாந்து இன்னொரு படி போனது. லாபத்துக்காக நடக்கும் நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டால், கடுமையான பண நஷ்டம் வந்தது அல்லது வரக்கூடும் என்று அதுவே காட்ட வேண்டும். நமக்கும் அதுதான் வேண்டும் என்கிறேன்.

நம் கோர்ட்டுகளும் இந்தத் திசையில் நகர்ந்திருக்கின்றன. டாடா பங்கு வைத்திருந்த ஒடிஷாவின் தாம்ரா துறைமுகத்தால் கடலாமைகளுக்கு ஆபத்து என்று சொல்ல, கிரீன்பீஸ் பேக்மேன் மாதிரி ஒரு ஆன்லைன் கேம் செய்தது. டாடா 10 கோடி கேட்டு வழக்குப் போட்டுத் தடையும் கேட்டது. 2011-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை தர மறுத்தது. 2024-ல் உச்ச நீதிமன்றம் புளூம்பெர்க் - ஜீ வழக்கில், முழு விசாரணைக்கு முன்பே கட்டுரையை எடுக்கச் சொல்வது பேச்சுரிமையைக் கொல்லக்கூடியது, மிக அரிதாகத்தான் அப்படிச் செய்ய வேண்டும் என்று எச்சரித்தது. ஆனால் இதெல்லாம் பெரிய வக்கீல் வைத்துப் போராட முடிந்தவர்களின் வெற்றி. ஹாஸ்டல் ரூமில் இருப்பவனைக் காப்பாற்ற எழுதிவைத்த சட்டம் வேண்டும்.

பொய்யும் பசியைக் கிளப்பும்

"அப்போ கம்பெனிங்களைப் பத்தி என்ன வேணா சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை.

புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியின் லோகோவில் நிலாவும் நட்சத்திரங்களும் இருந்தன. அதை வைத்து அந்தக் கம்பெனி சாத்தானை வழிபடுகிறது என்று வதந்தி பல வருடம் சுற்றியது. 1995-ல் போட்டிக் கம்பெனியான ஆம்வேயின் டிஸ்ட்ரிபியூட்டர்கள் சிலர் இதை வாய்ஸ்மெயிலில் தங்கள் ஆட்களுக்குப் பரப்பினார்கள். வாட்ஸ்ஆப் வருவதற்கு ரொம்ப முன்பே ஒரு ஃபார்வேர்ட்! 2007-ல் நான்கு பேர் 1.925 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்தது. போட்டிக் கம்பெனியை வீழ்த்தப் பொய் பரப்பினால் இப்படித்தான் ஆக வேண்டும். நான் கேட்கும் மாற்றம் வந்தாலும் இந்த மாதிரி ஆட்கள் தப்பிக்க முடியாது. பொய், கெட்ட எண்ணம், நஷ்டம் மூன்றையும் இரண்டாவது கதவு பிடிக்கும். காசு வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்கு ஒரு ஸ்டார் போடுகிறவர்களையும் அதே கதவு பிடிக்கும்.

சட்டம் கைகொடுக்காத இடமும் உண்டு. 2020-ன் ஆரம்பத்தில் கோழி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று ஒரு பொய் ஃபார்வேர்ட் ஆனது. நாமக்கல்லில் முட்டை விலையும் கறிக்கோழி விலையும் படுத்துவிட்டன. யார் மேல் வழக்குப் போடுவது? எந்தப் பண்ணையின் பெயரையும் அதில் சொல்லவில்லை. அனுப்பியவர்கள் லட்சக்கணக்கில். அந்தப் பண்ணைகளில் தீவனம் போட்டு, முட்டை அடுக்கி வாழ்ந்தவர்களின் கூலி போனது. அந்த மெசேஜை உங்கள் ஃபேமிலி குரூப்பில் யார் அனுப்பினார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

சின்னக் கடைகளுக்கு என்ன பதில் என்றும் கேட்கலாம். காலேஜ் வாசலில் ஒரு அண்ணன் நடத்தும் டிபன் கடையில் கடையும் அவரும் ஒன்றுதான். "அந்த ஆள் திருடன்" என்று சொன்னால் அது மனுஷன் மேல் விழும் அடி. அவதூறு வழக்கு அவருக்குத் திறந்தே இருக்க வேண்டும். கம்பெனிக்குச் சொல்லும் விதியை அவர் மேல் போடச் சொல்லவில்லை.

ரிவ்யூவும் லேப் ரெக்கார்டும்

சட்டம் மாறும்போது மாறட்டும். அதுவரை நாம் செய்ய வேண்டியது நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். லேப் ரெக்கார்டில் அப்சர்வேஷன் தனி, இன்ஃபரன்ஸ் தனி. ரிவ்யூவிலும் அப்படியே எழுதுங்கள்.

மேலே சொன்ன ஹெட்ஃபோன் ரிவ்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். "இந்த மாதம் வாங்கினேன், 60 நாளில் இடது பக்கம் வேலை செய்யவில்லை, சர்வீஸ் சென்டரில் வாரன்டி இல்லை என்றார்கள்" என்பது நீங்கள் பார்த்தது. பில்லும் மெயிலும் கையில் இருந்தால் யாருக்கும் பயப்பட வேண்டாம். "இந்த விலைக்கு இது வேஸ்ட், நான் வாங்கச் சொல்ல மாட்டேன்" என்பது உங்கள் கருத்து. மேலே சொன்ன தகவலின் மேல் நிற்பதால் அதையும் தாராளமாகச் சொல்லலாம். "டூப்ளிகேட் பார்ட்ஸ் போட்டு விக்கிறாங்க" என்பது என்ன? நீங்கள் ஹெட்ஃபோனைப் பிரித்துப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் படம் போடுங்கள். பார்க்கவில்லை என்றால் அது வெறும் யூகம், தகவல் போல வேஷம் போட்டிருக்கிறது. மாட்டிக்கொள்வது அந்த ஒரு வரியால்தான்.

நோட்டீஸ் வந்தால் பதறி எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட், பில், மெயில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். எந்த வரி பொய் என்று சொல்கிறார்கள் என்று பாருங்கள். அந்த வரிக்கு ஆதாரம் இல்லையென்றால் அதை மட்டும் திருத்துங்கள். நோட்டீஸ் என்பது வக்கீல் எழுதிய கடிதம்தான், கோர்ட் உத்தரவு இல்லை. ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டுப் பதில் போடுங்கள். வசதி இல்லாதவர்களுக்கு மாவட்ட கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது.

நாளைக்கு நீங்களே கம்பெனி ஆரம்பித்து, ஒரு மோசமான ரிவ்யூவைப் பார்த்து ரத்தம் கொதிக்கும்போதும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்: எழுதினவன் சொன்னது பொய்யா, இல்லை பிடிக்காத உண்மையா? பொய் என்றால் கணக்கோடு கோர்ட்டுக்குப் போங்கள். உண்மை என்றால் வக்கீலைக் கூப்பிடாமல் குவாலிட்டி டீமைக் கூப்பிடுங்கள்.